மினி நிலா மினி நிலாங்கறாங்களே, நெஜமாவே நம்மள சுத்துதா?

கேள்வி: 21 செப்டம்பர் 2024
29ஆம் தேதிலேர்ந்து ரெண்டு மாசத்துக்கு பூமிக்கு ரெண்டாவது நிலா வருதாம், பேரு 2024 பிடி5. நேத்துலேர்ந்து குடும்ப க்ரூப்ல இதே பேச்சு. மொட்டை மாடிலேர்ந்து தெரியுமா? அர்ஜுனன் பேர்ல மகாபாரதத்துலயே இருக்குன்னு வேற ஒரு ஃபார்வர்டு. வெவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

21 செப்டம்பர் 2024, இரவு 10.50
தெரியாது. மொட்டை மாடிய விடுங்க, கொடைக்கானல் உச்சில நின்னாலும் கண்ணுக்கு தெரியாது. கல்லு மொத்தமே 10 மீட்டர் சொச்சம், ஒரு டவுன் பஸ் நீளம்னு வெச்சுக்கோங்க. ஆகஸ்ட் 7ஆம் தேதி தென்னாப்பிரிக்காவுல சதர்லாந்துங்கற இடத்துல இருக்கற அட்லஸ் டெலஸ்கோப் கண்டுபிடிச்சுது. வெளிச்ச நம்பர் 22 கிட்ட. இந்த நம்பர் ஏற ஏற மங்கல்னு அர்த்தம். எங்கிட்ட இருக்கறது ஆறு இன்ச் டெலஸ்கோப், மடிப்பாக்கம் வானத்துல அது 13 வரைக்கும் பாத்தாலே கோயிலுக்கு தேங்கா உடைக்கணும். 13க்கும் 22க்கும் நடுவுல 9 படி, கிட்டத்தட்ட 4,000 மடங்கு மங்கல்.

பூமி அத புடிச்சு இழுத்து ரெண்டு மாசம் சுத்த வெச்சுட்டு அனுப்பிடும், அவ்ளோதான் மேட்டர்.

22 செப்டம்பர் 2024, காலை 7.15
அர்ஜுனன் விஷயம். மகாபாரதத்துல ஒண்ணும் இல்ல. பூமி போற பாதைக்கு கிட்டத்தட்ட அச்சு அசல் பாதைல, அதே மாதிரி வட்டமா, அதே தளத்துல, ஏறக்குறைய ஒரு வருஷத்துல சூரியன சுத்தற குட்டிக் கல்லுகளுக்கு விஞ்ஞானிங்க வெச்ச செல்லப் பேரு அர்ஜுனா கூட்டம். இந்தக் கல்லும் அந்த கூட்டத்துல ஒண்ணு. மாட்ரிட்ல கார்லோஸ், ராவுல் டி லா ஃபுவெண்டே மார்கோஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், இந்த மாதிரி கல்லுங்களுக்கு ஜாதகம் எழுதறதே அவங்க வேலை, அவங்க எழுதின கட்டுரைல இந்த வார்த்தை வந்துச்சு, நம்மூர் பேப்பர்காரங்க புடிச்சுக்கிட்டாங்க, வாட்ஸப்புக்கு வர்றதுக்குள்ள வியாசரே சொன்ன மாதிரி ஆயிடுச்சு.

22 செப்டம்பர் 2024, காலை 7.40
பிடி5ங்கறது என்னன்னு மேல ஒரு தம்பி கேட்டிருக்காரு. வண்டி நம்பர் பிளேட் மாதிரிதான் தம்பி. முதல் எழுத்து, எந்த அரை மாசத்துல கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லும். ஏ ன்னா ஜனவரி முதல் பாதி, பி (B) ன்னா ரெண்டாவது பாதி, அப்டியே போனா ஆங்கில வரிசைல பதினாறாவதா வர்ற இந்த பி (P) ஆகஸ்ட் முதல் பாதி. அடுத்த எழுத்தும் நம்பரும் அந்த அரை மாசத்துல எத்தனையாவது கல்லுன்னு காட்டும். 5 தடவை எழுத்து வரிசை முழுசா முடிஞ்சு, ஆறாவது சுத்துல டி. 5 தடவை 26ன்னா 130, டி 20ஆவது எழுத்து, ஆக 150ஆவது கல்லு.

22 செப்டம்பர் 2024, மதியம் 1.05
மானம் போச்சு. 150 இல்ல, 144. ஐ எழுத்து ஒண்ணு மாதிரி தெரியும்னு அத வரிசைல சேத்துக்கறதே இல்ல, அதனால 25 எழுத்துதான். 5 பெருக்கல் 25, 125. டி 19ஆவது. 144. சுட்டிக்காட்டினது என் பொண்ணு, எட்டாம் கிளாஸ். ஆனா அரை மாசத்துக்கு 144ன்னு பாத்தாலும் சும்மா இல்லல்ல.

23 செப்டம்பர் 2024, இரவு 11.30
முன்னாடி "புடிச்சு இழுத்து சுத்த வெச்சுட்டு"ன்னு எழுதினேன்ல, அது எனக்கே உறுத்திக்கிட்டு இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமை இருந்தா படிங்க.

திருவண்ணாமலை கிரிவலம் போனவங்களுக்கு இது ஈசியா புரியும். நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு சித்ரா பௌர்ணமி அன்னிக்கு நானும் மச்சானும் நடந்தோம். 14 கி.மீ. அக்னி லிங்கம் தாண்டினதுமே ஒரு சுக்கு காபிக்காரர், சைக்கிள் பின்னாடி பித்தளை கேன், ஹேண்டில்ல ஒரு பச்சை பல்பு, எங்களுக்கு வலது பக்கமா வந்தாரு. கொஞ்ச நேரத்துல முன்னாடி போயிட்டாரு. எம லிங்கம் வந்தப்போ எங்களுக்கு இடது பக்கம் நின்னு ஊத்திக் குடுத்துட்டு இருந்தாரு. நாங்க தாண்டிட்டோம், ஆளு பின்னாடி. நிருதி லிங்கத்துல திரும்பிப் பாத்தா மறுபடி வலது பக்கம் அந்த பச்சை பல்பு. மச்சான் கேக்கறான், "மாமா, இந்தாளு என்ன நம்மளையே சுத்தி சுத்தி வர்றாரு?" அவரு எங்கடா நம்மள சுத்தறாரு, அவரும் மலையத்தான் சுத்தறாரு, நாமளும் மலையத்தான் சுத்தறோம். ஒரே ரோடு, ஏறக்குறைய ஒரே வேகம், அவரு மலைப்பக்கமா ஒதுங்கறப்ப வேகமா, வெளிப்பக்கம் வர்றப்ப மெதுவா. நடுவுல நம்மள வெச்சுப் பாத்தா அது நம்மள சுத்தற மாதிரி தெரியுது.

வானத்துலயும் இதே கதைதான். சூரியனுக்கு கிட்ட போற கல்லு வேகமா ஓடி நம்மள முந்தும், தள்ளிப் போறப்ப பின்தங்கும். வருஷம் ஒரே அளவா இருந்துட்டா முந்தறது, பின்தங்கறது, முந்தறதுன்னு நம்மள சுத்தி ஒரு வளையம் போட்ட மாதிரி இருக்கும். காமோஓலேவான்னு ஒரு கல்லு, 2016ல ஹவாய்ல பான் ஸ்டார்ஸ் டெலஸ்கோப் கண்டுபிடிச்சது, அது பண்றது முழுக்க இதான். நிலா தூரத்த போல 38 மடங்குக்கும் 100 மடங்குக்கும் நடுவுல நின்னுக்கிட்டு வருஷா வருஷம் நம்ம கூடவே வருது. போலி நிலான்னு சொல்லலாம். பூமி நாளைக்கே காணாம போனாலும் அது அதுபாட்டுக்கு சூரியன சுத்திக்கிட்டு இருக்கும், வழித்துணை இல்லாம.

24 செப்டம்பர் 2024, காலை 6.20
ராத்திரி தூக்கம் வரல, பேப்பர்ல வரைஞ்சு பாத்தேன். ஒரு சுவாரஸ்யம். கிரிவலத்துல மலை நமக்கு வலது பக்கம். காபிக்காரர் வலது, முன்னாடி, இடது, பின்னாடி, மறுபடி வலது. மேலேர்ந்து பாத்தா நாம மலைய கடிகார திசைல போறோம், அவரு நம்மள சுத்தறது அதுக்கு எதிர் திசைல! போலி நிலாக்களும் இப்டித்தான், பூமி சூரியன சுத்தற திசைக்கு எதிர் திசைல நம்மள சுத்தற மாதிரி தெரியும். புத்தகத்துல பாத்து பாத்து மண்டைல ஏறாத விஷயம், ஒரு சுக்கு காபில ஏறிடுச்சு.

25 செப்டம்பர் 2024, இரவு 9.10
திருச்சி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. "காபிக்காரருக்கும் உனக்கும் நடுவுல ஈர்ப்பு கிடையாது, கல்லுக்கும் பூமிக்கும் இருக்கே, அத எங்க விட்ட?" விட்டது தப்புதான். என் கிரிவலம் காமோஓலேவாவுக்கு சரியா பொருந்தும், அது அவ்ளோ தூரத்துல இருக்கு. பிடி5 ரொம்ப கிட்ட வருது, பூமி அதோட பாதைய நெஜமாவே வளைக்குது. "அண்ணே, ரெண்டு காபி"ன்னு நாம கூப்புட்டா அவரு பிரேக் புடிச்சு நிக்கறாரு பாருங்க, அது மாதிரி.

இன்னொரு திருத்தமும் இருக்கு. ரெண்டு மாசத்துல அது பூமிய ஒரு முழு சுத்து கூட சுத்தாது! குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு போட்டுட்டு கிளம்பிடும். அப்ப எதுக்கு நிலாங்கறாங்க? கணக்கு இப்டி. ஒரு பொருள் பூமிலேர்ந்து ஒரு தூரத்துல இருக்குன்னா, பூமி புடியிலேர்ந்து தப்பிக்க அந்த இடத்துல இவ்ளோ வேகம் வேணும்னு ஒண்ணு இருக்கு. 35 லட்சம் கி.மீ. தள்ளின்னா நொடிக்கு அரை கி.மீ. கூட வேண்டாம். சாதாரணமா பூமிய கடக்கற கல்லுங்க நொடிக்கு 10, 20 கி.மீ.ன்னு பறக்கும், அதுங்களுக்கு இதெல்லாம் தூசு. பிடி5 நம்ம கூடவே ஒரே வேகத்துல நடக்கறதால நம்மள பொறுத்தவரைக்கும் நகந்தும் நகராத மாதிரி இருக்கு. செப்டம்பர் 29லேர்ந்து நவம்பர் 25 வரைக்கும், 57 நாள், அதோட வேகம் அந்த அளவுக்கும் கீழ போகுது. அந்த 57 நாளுக்கு மட்டும் கணக்குப்படி பூமிக்கு சொந்தம்.

கணக்குப்படி மட்டும்தான். பூமி ஒரு பொருள நெடுநாள் கட்டி வெச்சுக்கணும்னா அது சுமார் 15 லட்சம் கி.மீ.க்குள்ள இருக்கணும், அதுக்கு வெளிய சூரியன்தான் பெரியண்ணன். இது 35 லட்சம் வரைக்கும் தள்ளிப் போகுது. நிலா தூரத்துல 9 மடங்கு. இன்னும் வேடிக்கை, இது பூமிக்கு ரொம்ப கிட்ட வந்தது ஆகஸ்ட் 8, அப்ப 5,67,000 கி.மீ.தான், ஆனா அப்ப யாரும் நிலான்னு சொல்லல, வேகம் கூட இருந்துச்சு. தள்ளிப் போனப்புறம் நிலாவாம்! கட்டுரை எழுதின கார்லோஸே, இது கடைக்குள்ள வந்து சாமான் வாங்கற ஆள் இல்ல, கண்ணாடிக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்கற ஆள்ங்கற மாதிரி சொல்லியிருக்காரு. தி.நகர் ரங்கநாதன் தெருவுல பாதிப்பேர் இந்த வகை நிலாதான்.

நேர்மையா சுத்தின ஆளுங்களும் உண்டு. 2006 ஆர்எச்120ன்னு சில மீட்டர் கல்லு, 2006 செப்டம்பர்லேர்ந்து 2007 ஜூன் வரைக்கும் சுத்துச்சு. 2020 சிடி3ன்னு இன்னும் குட்டி.

29 செப்டம்பர் 2024, இரவு 11.55
எவ்ளோ எழுதியும் என்ன பிரயோஜனம். எங்க அபார்ட்மெண்ட்ல எங்கிட்ட டெலஸ்கோப் இருக்கறது எல்லாருக்கும் தெரியும், எட்டு மணிக்கு மொட்டை மாடில 20 பேர். கீழ் வீட்டு மாமி சுண்டல் வேற கொண்டு வந்துட்டாங்க. வீட்டு ஓனர் மாடி சாவிய வழக்கமா கண்ல காட்ட மாட்டாரு, இன்னிக்கு அவரே வந்து தொறந்து விட்டு முதல் ஆளா நிக்கறாரு. "தெரியாது சார்"னு மூணு தடவ சொன்னேன். "முயற்சி பண்ணிப் பாருங்களேன்"ங்கறாரு. 4,000 மடங்குன்னு எப்டி சொல்றது அவருகிட்ட.

நல்லவேளை கிழக்குல சனி இருந்துச்சு. இந்த மாசம்தான் வானத்துல சூரியனுக்கு நேர் எதிர்ல வந்துது, நல்ல பிரகாசம். வளையம் இப்ப கிட்டத்தட்ட பக்கவாட்டுல திரும்பி நிக்கறதால மெல்லிசா, நெல்லிக்காய்ல ஈர்க்குச்சி சொருகின மாதிரி. டெலஸ்கோப் ஸ்டாண்டு ஆன்லைன்ல வாங்கினது, வந்த நாள்லேர்ந்து ஒரு கால் ஆட்டம், யார் கை வெச்சாலும் சனி குதிக்குது. மாமி ஒரு கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதான் நம்ம சனீஸ்வரனா? இவ்ளோ சாதுவா இருக்கார்?"னாங்க. அப்றம் யாரும் மினி நிலாவ பத்தி கேக்கல. ஓனர் மட்டும் கீழ எறங்கறப்ப, "அந்த மஞ்சளா பாத்தோமே அதானே அது?"ன்னாரு. ஆமான்னுட்டேன். மன்னிச்சுக்கோங்க.

3 அக்டோபர் 2024, காலை 8.00
ஒரு குழப்பம் ஓடுது, தீத்து விடறேன். அட்லஸ் வால்நட்சத்திரமும் இந்தக் கல்லும் வேற வேற. அது சூச்சின்ஷான் அட்லஸ், ரெண்டுக்கும் பேர்ல அட்லஸ் வர்றது கண்டுபிடிச்ச டெலஸ்கோப் குடும்பம் ஒண்ணுங்கறதாலதான். ஹவாய்ல ரெண்டு, சிலில ஒண்ணு, தென்னாப்பிரிக்காவுல ஒண்ணு, ஒவ்வொண்ணும் அரை மீட்டர் கண்ணாடிதான், ஆனா ராத்திரி பூரா வானத்த பெருக்கிக்கிட்டே இருக்கும். வால்நட்சத்திரத்த நேத்து மகாளய அமாவாசை விடிகாலைல முட்டுக்காடு பக்கம் போய் பைனாகுலர்ல பாத்தேன். தர்ப்பணத்துக்கு வந்த ரெண்டு பேர் என்ன சந்தேகமா பாத்தாங்க.

16 அக்டோபர் 2024, மதியம் 3.30
நேத்து பெஞ்ச மழைல வானமாவது மண்ணாவது. வேளச்சேரி மேம்பாலத்து மேல கார வரிசையா நிறுத்தி வெச்சிருக்காங்க. சாயங்கால வால்நட்சத்திரம் இந்த வருஷம் சென்னைக்கு கிடையாது போல. பிடி5 மேகத்துக்கு மேல பத்திரமா இருக்கு, கவலப்படாதீங்க.

25 நவம்பர் 2024, இரவு 10.00
இன்னிக்கோட மினி நிலா பதவிக்காலம் முடிஞ்சுது. யாரும் மாலை போடல.

5 ஜனவரி 2025, மாலை 6.45
இதப் படிச்சு சிரிச்சு மாளல. ஜனவரி 2ஆம் தேதி 2018 சிஎன்41ன்னு ஒரு புது கல்லு அறிவிச்சாங்க, பூமிக்கு கிட்ட வர்ற வகை. ஒரு நாள் கூட ஆகல, வாபஸ். கல்லு இல்லையாம், கார். 2018ல ராக்கெட்ல ஏத்தி அனுப்பின அந்த டெஸ்லா கார், உள்ள பொம்மை டிரைவரோட! நம்ம நம்பர் பிளேட் கணக்க போட்டுப் பாருங்க: சி ன்னா பிப்ரவரி முதல் பாதி, கார் கிளம்பினது பிப்ரவரி 6. பழைய படங்கள்ல அப்பவே பதிவாகி இருந்துருக்கு. நம்பர் பிளேட் மாதிரின்னு நான் சொன்னப்ப இவ்ளோ நேரடியா நடக்கும்னு நெனைக்கல.

2020லயும் ஒண்ணு நடந்துச்சு, 2020 எஸ்ஓன்னு பேர் வெச்சு கடைசில பாத்தா 1966ல சர்வேயர் 2ஐ நிலாவுக்கு அனுப்பின ராக்கெட்டோட மேல் பகுதி. அதனால பிடி5யும் குப்பையா இருக்குமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு டவுட்டு இருந்துச்சு, இங்க எழுதல.

10 ஜனவரி 2025, இரவு 9.30
நேத்து பிடி5 மறுபடி கிட்ட வந்துட்டு போச்சு, 18 லட்சம் கி.மீ. கலிஃபோர்னியா கோல்ட்ஸ்டோன்ல இருக்கற 70 மீட்டர் ஆண்டெனாவ வெச்சு ரேடார்ல பாக்கறதா நாசா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. இனி 2055. எனக்கு அப்ப 77.

23 ஜனவரி 2025, இரவு 11.10
எல்லாரும் வாங்க, நான் வார்த்தைய திரும்ப வாங்கிக்கற நாள் இது.

செப்டம்பர்ல "நிலாவாம் நிலா"ன்னு எவ்ளோ நக்கல் பண்ணேன். இப்ப வந்திருக்கற ஆராய்ச்சில, அது நிலாவோட துண்டாவே இருக்க வாய்ப்பு அதிகங்கறாங்க. அரிசோனால லோவெல் டிஸ்கவரி டெலஸ்கோப், ஹவாய்ல நாசாவோட அகச்சிவப்பு டெலஸ்கோப், ரெண்டுலயும் அதுலேர்ந்து வர்ற வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சுப் பாத்திருக்காங்க. வழக்கமான விண்கல் எதோடயும் ஒத்துப் போகல, நிலாலேர்ந்து கொண்டு வந்த பாறையோட ஒத்துப் போகுது. எப்பவோ ஒரு பெரிய கல்லு நிலா மேல மோதி, தெறிச்ச சில்லு.

குப்பை இல்லன்னும் தெளிவாயிடுச்சு. இந்த வழி எனக்கு ரொம்ப புடிச்சுது. ராக்கெட் கூடுன்னா உள்ள காலி, எடை கம்மி, வெயில் பட்டாலே மெல்ல மெல்ல தள்ளிவிடும், பாதைல அந்த விலகல் தெரியும். பிளாஸ்டிக் சேர் காத்துல நகர்ற மாதிரி. இது ஆட்டுக்கல்லு மாதிரி கெட்டியா போகுது.

காமோஓலேவாவும் நிலாத் துண்டா இருக்கலாம்னு சில வருஷமா சொல்றாங்க. நிலா முதுகுப் பக்கம் கிட்ட ஜியோர்தானோ புரூனோன்னு ஒரு பள்ளம், அங்கேர்ந்து வந்திருக்கலாம்னு 2024ல ஒரு கட்டுரை. யோசிச்சுப் பாத்தா இதுல ஒரு நியாயம் இருக்கு. நிலாலேர்ந்து மெதுவா தப்பிச்சு வர்ற சில்லு வேற எங்க போகும், ஏறக்குறைய பூமி பாதைலயேதான் சூரியன சுத்தும். நம்ம தெருப் பையன் நம்ம தெருவுலதான சுத்துவான்.

ஆக ஓனருக்கு நான் சொன்ன பொய் மட்டும்தான் பாக்கி.

19 பிப்ரவரி 2025, காலை 7.00
இழை தடம் மாறுது, தெரியும், ஆனா ராத்திரிலேர்ந்து எட்டு பேர் கேட்டாச்சு. 2024 ஒய்ஆர்4ன்னு இன்னொரு கல்லு, 60 மீட்டர் மாதிரி, 2032 டிசம்பர் 22ஆம் தேதி அது பூமி மேல மோத வாய்ப்பு நேத்து 3.1 சதவீதம் வரை ஏறிச்சு. பாதைல தெற்காசியாவும் வருதுன்னதும் வாட்ஸப்புக்கு தீபாவளி. ஏறிச்சுன்னு பயப்படாதீங்க. பொங்கல் குலுக்கல்ல 100 சீட்டுல உங்க பேரும் ஒண்ணு, ஒவ்வொண்ணா எடுத்து கழிச்சுக்கிட்டே வர்றாங்க, 30 சீட்டு மிஞ்சறப்ப உங்க வாய்ப்பு ஏறித்தான் இருக்கும். உங்க சீட்டும் வெளிய வந்தா ஒரே அடியா பூஜ்யம். பாக்க பாக்க பாதை துல்லியமாகுது, பூமி இன்னும் அந்த மிச்ச சீட்டுக்குள்ள இருக்கு, அதான் ஏறுது.

26 பிப்ரவரி 2025, இரவு 8.20
சீட்டு வெளிய வந்துடுச்சு. பூமிக்கு 0.004 சதவீதம். நிலா மேல விழ மட்டும் கொஞ்சம் சான்ஸ் இருக்காம். விழுந்தா இன்னும் நாலு பிடி5 கிளம்பும்னு பொண்ணு சொல்றா.

29 மே 2025, காலை 9.00
சீனாக்காரங்க தியான்வென் 2 அனுப்பிட்டாங்க, காமோஓலேவாவுக்கு. அடுத்த வருஷம் போய்ச் சேரும், மண்ண அள்ளிட்டு 2027 கடைசில கொண்டு வரணும்னு திட்டம். அந்தக் கல்லு 28 நிமிஷத்துக்கு ஒரு தடவ தன்னையே சுத்துது, அதுமேல எறங்கறது ஓடற ரங்கராட்டினத்துல ஏர்ற மாதிரி. நிலாத் துண்டா இல்லையாங்கறது கைல எடுத்துப் பாத்து தெரிஞ்சுடும். காபிக்காரர் கேனுக்குள்ள என்ன இருக்குன்னு மோந்து பாக்கற கட்டம் வந்தாச்சு.

8 ஜூன் 2025, இரவு 10.30
காவலூர் வானாய்வுக்கூடம் போயிருக்கீங்களான்னு திருச்சி அண்ணன் கேட்டாரு. போயிருக்கேன், ஜவ்வாது மலை, சனிக்கிழமைல விடுவாங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. 1980கள் கடைசில இதே மாதிரி கல்லு வேட்டைக்கு அங்க கல்கின்னு ஒரு திட்டம் இருந்துச்சு, 1988ல கிடைச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேரு. 4130ஆம் நம்பர். அது தூரத்து ஆளு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல.

8 ஜூன் 2025, இரவு 10.55
கடைசியா தேதி ஒண்ணு குறிச்சு வெச்சுக்கோங்க. இது கண்ணுக்கே தெரியப் போற கல்லு. அபோஃபிஸ், 300 மீட்டருக்கு மேல, பூமிய 32,000 கி.மீ. தூரத்துல கடக்குது, நம்ம டிவி சாட்டிலைட் இருக்கற உயரத்துக்கும் கீழ. மோதாது, அது முடிஞ்ச கணக்கு. 2004 டிசம்பர் 27 அன்னிக்குதான் அதோட மோதல் வாய்ப்பு 2.7 சதவீதத்த தொட்டுது, ஆனா அந்த வாரம் நம்ம கரைல யாரு வானத்த பாத்தா. கிட்ட வர்ற நேரம் நம்ம கணக்குல 2029 ஏப்ரல் 14 விடிகாலை 3 மணி வாக்குல. சித்திரை ஒண்ணு. அதுக்குள்ள அது நமக்கு மேற்கால போயிடும், அதனால 13ஆம் தேதி ராத்திரியே மாடி ஏறிடணும்.

ஓனர்கிட்ட சாவிக்கு இப்பவே சொல்லி வெச்சேன். "திரும்ப அந்த மஞ்ச நிலாவா?"ங்கறாரு.